கூட யாரும் வரவில்லை

நோயாளியாக நடிப்பதற்கென்று மதுரையிலிருந்து வரவேண்டிய நாடகக்காரருக்கு அன்று பார்த்துக் காய்ச்சல் வந்துவிட்டது. பயிற்சி கொடுக்க வந்த டாக்டரம்மா எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி ஹாலில், கையில் ஒரு கத்தைத் தாளோடு நின்றுகொண்டு எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மனம் குலைந்த நிலையில் அவசரப் பிரிவுக்கு வருகிற ஒருவரிடம் எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்று ஒத்திகை பார்த்துப் பழகுகிற பயிற்சி அது. நெஞ்சை அமுக்கிப் பழகுவதென்றால் பொம்மை போதும். இதற்குப் பேசுகிற ஆள் வேண்டும்.

"உங்கள்ல யாராவது ஒருத்தர்தான் பேஷண்டா நடிக்கணும்," என்றார்.

சொல்லிவைத்தாற்போல் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "எங்க சிஸ்டர் இருக்காங்களே டாக்டர், அவங்களுக்குக் கத்துறதுக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம்," என்றது. ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். முப்பது வருடமாக அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன், கோபம் எனக்கு மூக்கு நுனியில். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளிடம் ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னால் என்னைக் காட்டி எச்சரித்துவிடுவார்கள்.

சிரித்தவர்களுக்கு ஒன்று தெரியாது. பதினோரு மாதமாக ஒரு காரியத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் நடமாடிக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தக் கதை. அன்று காலை பயிற்சிக்குப் போகாமல் லீவு போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். லீவு போட்டால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? அதனால் வந்தேன்.

நடந்தது இதுதான். மதியம் ஒன்றே முக்கால் இருக்கும். மற்றவர்களுக்கு டூட்டி மாறுகிற நேரம், எனக்குச் சாயங்காலம்வரை வேலை, நல்ல பசி. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு ஆள் தனியாக வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். துவைத்த வெள்ளை வேட்டி, நீலச் சட்டை, கையில் மஞ்சப்பை. குளித்துத் தலை சீவி வந்திருந்தார். அடிபட்ட காயம் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. பார்த்தால் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் உள்ளே வந்தவர்போல இருந்தார்.

"என்ன செய்யுது?" என்றேன்.

"ஒறக்கம் வரமாட்டேங்கு சிஸ்டர்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ரொம்ப நாளாக என்றார். என்ன வேலை என்று கேட்டேன். இருபது வருடமாகத் தோணியில் போகிறார், மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு போகிற தோணி. சொல்லிவிட்டு மஞ்சப்பையைக் கைமாற்றிக்கொண்டார். பிறகு, "தோணி ஓரத்துல நிக்கப் பயமா இருக்கு சிஸ்டர்," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். நான் மணப்பாட்டுக்காரி. அப்பா கடல், அப்பாவுக்கு அப்பா கடல், அண்ணன் கப்பல். கடலில் போகிறவன் கடலைப் பார்த்துப் பயம் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்போம், வேறென்ன செய்வோம். "கடல்காரருக்குக் கடல் பயமாக்கும்? தண்ணி கிண்ணி போட்டிருக்கியளா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். வாடையும் இல்லை.

மனநல டாக்டர் எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். அன்று புதன். படுக்க வைப்பதென்றால் அட்டெண்டர் வேண்டும், அதாவது கூட இருந்து பார்த்துக்கொள்ள, கையெழுத்துப் போட ஒரு ஆள். அதனால் வழக்கம்போலக் கேட்டேன்.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல."

"வீட்டுல?"

"வீட்டுல யாரும் இல்ல சிஸ்டர்."

"சொந்தக்காரங்க, அக்கம்பக்கம், கூட வேலை பாக்கவங்க? ஒருத்தர்கூடவா இல்லாமப் போயிட்டாங்க? போய் யாரையாவது கூட்டிட்டு வாங்க. அட்டெண்டர் இல்லாம அட்மிஷன் போட முடியாது."

"சரி சிஸ்டர்," என்றார். பதிவுச் சீட்டை நாலாக மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். சாளைமீன் குழம்பு, முந்தின நாள் வைத்தது. நன்றாகச் சாப்பிட்டேன். அதை மறைக்கவில்லை, ருசித்துத்தான் சாப்பிட்டேன்.

நான் கேட்டதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குத் தனியாக யாரும் வருவதே கிடையாது. சளிக் காய்ச்சலுக்குக்கூட ஆட்டோ நிறைய வருவார்கள். ஒருத்தி பிளாஸ்க் தூக்க, ஒருத்தி தலையணை தூக்க, டாக்டரோடு சண்டை போடுவதற்கென்றே மாமா ஒருத்தர். கூட்டத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்தியே என் தொண்டை போனது. கூட யார் என்று கேட்பது எங்களுக்கு, சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரி. பதில் இல்லாத கேள்வியாக அது ஒருத்தருக்கு இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

அதையும் நான் போய்ச் சொல்கிறேன் பாருங்கள். எனக்குக் கூட யார் இருக்கிறார்கள்? கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் கரையேறி மஸ்கட்டிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டான், கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு வயிற்றில் ஒரு கட்டி என்று வேறு ஒரு இடத்தில் ஸ்கேன் எடுக்கப் போனபோது, அட்டெண்டரைக் கூட்டிவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டி ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மீன் வாங்கப் போனால், விற்கிறவள், "ஏளா, அரை விளமீனை வெட்டித் தரச் சொல்லுதியே, மீதிய நான் கடல்லயா திருப்பி விடுவேன்?" என்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்திருந்தது, அப்படியும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மினி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. பழைய துறைமுகத்துப் பக்கம் பஸ் திரும்பியது, வரிசையாகத் தோணிகள் கட்டிக் கிடந்தன. இருபது வருடம் தோணியில் போனவருக்குக் கடல் எதற்குப் பயம்? அவர் கடலைச் சொல்லவே இல்லை. ஓரத்தில் நிற்கும்போது தான் என்ன செய்துவிடுவோமோ என்று பயப்பட்டிருக்கிறார். அதைச் சொல்லத்தான் குளித்து, தலை சீவி, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சேசுவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை பதிவேட்டில் அவருடைய செல் நம்பரைத் தேடி எடுத்தேன். என் போனில் 'தோணி' என்று போட்டு வைத்தேன். கூப்பிடவில்லை. அன்றைக்குக் கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை. வாரம் ஒன்று ஆனபிறகு எப்படிக் கூப்பிடுவது? வேறு யாராவது எடுத்து, அவர் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டால்? கூப்பிடாதவரைக்கும் அவர் எங்கேயோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் தேடிப் பார்த்தேன், அந்த நம்பர் அதில் இல்லை. பட்டன் போன் வைத்திருக்கிறார் போல.

தினமும் காலையில் பேப்பர் வாங்கினேன். உள்ளூர்ப் பக்கத்தில் கீழே சின்னதாக வரும், அடையாளம் தெரியாத ஆண் சடலம் என்று. வயதைப் பார்ப்பேன், சட்டை நிறத்தைப் பார்ப்பேன். நீலம் என்று இருந்தால் காபி இறங்காது. கட்டம் போட்ட சட்டை என்று இருந்தால் அப்பாடா என்று இருக்கும், செத்தவரும் யாரோ ஒருத்தருக்கு வேண்டியவர்தான் என்பது பிறகுதான் ஞாபகம் வரும். இப்படி யாரிடமும் சொல்லாமல் பதினோரு மாதம். சொன்னால் வேலைக்கு ஆபத்து என்பது ஒரு காரணம்தான். எதிரே உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இல்லை என்பதுதான் பெரிய காரணம். இதைப் போனில் மஸ்கட்டுக்குச் சொல்ல முடியுமா?

சரி, பயிற்சிக்கு வருகிறேன். முதல் ஒத்திகையில் டாக்டரம்மாவின் தாளில் இருந்தபடி நான் கத்தி ரகளை செய்யவேண்டும். செய்தேன். என்னை விஷம் வைத்துக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று ஊசித் தட்டைத் தூக்கி எறிந்தேன், மேசைமேல் ஏறினேன். முப்பது வருடத்தில் பார்த்ததையெல்லாம் சேர்த்துச் செய்தேன். எதிர்பார்த்ததுபோலவே, என்னைச் சமாளிக்க நின்ற ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி, "உக்காருங்க, உக்காருங்க" என்கிறாள். ஒருத்தர், "ஊசி போட்டிருவோம்" என்று மிரட்டுகிறார். வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தை விட்டுவிட்டு, "மாதாவே, இவளுக்கு என்ன ஆச்சு!" என்று நிஜமாகவே உள்ளே ஓடிவந்துவிட்டாள்.

எங்கள் செக்யூரிட்டி மட்டும் ஓரமாகக் கைகட்டி நின்றார். முன்னால் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தவர், ஆழம் அவருடைய வலது காதை வாங்கிவிட்டது, அதனால் எதையும் இடது பக்கம் நின்றுதான் சொல்லவேண்டும். ஏன் பக்கத்தில் போகவில்லை என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "அக்கா மேல எப்படிம்மா கை வைக்கது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. செக்யூரிட்டி சொன்னதுதான் சரி என்றார். முதலில் கை வைக்கக் கூடாது, ஒருத்தர் மட்டும் பேசவேண்டும், மற்றவர்கள் வழி விட்டு நிற்கவேண்டும். அப்புறம் இன்னொன்று சொன்னார். "சாகணும்ங்கிற எண்ணம் வருதான்னு நேராவே கேளுங்க. கேட்டா இல்லாத எண்ணம் வந்துருமோன்னு பயப்படாதீங்க. கேக்க ஒருத்தர் இருந்தாத்தான் அவங்களால சொல்ல முடியும்." நான் தலையைக் குனிந்துகொண்டு தட்டிலிருந்து சிதறிய பஞ்சைப் பொறுக்கினேன்.

இரண்டாவது ஒத்திகைக்கு முன்னால் டாக்டரம்மா என்னிடம் வந்தார். "சிஸ்டர், எல்லாரும் கத்திக்கிட்டு வரமாட்டாங்க. இப்ப சத்தம் போடாத ஒரு பேஷண்டா வாங்க. பேப்பர்ல இருக்கிறது வேண்டாம். நீங்க பார்த்த யாரையாவது செய்யுங்க."

நான் யோசிக்கவே இல்லை. ஹாலுக்கு வெளியே போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் சாத்தான்குளத்துப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஊசி குத்தினால் குழந்தைகள்கூட அழாது, அப்படி ஒரு கை அவளுக்கு, பேச்சும் அப்படித்தான்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

"ஒறக்கம் வரமாட்டேங்கு."

"எத்தனை நாளாம்மா?" அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் கேட்டதைவிட எவ்வளவோ நன்றாகக் கேட்டாள். சாப்பிட முடிகிறதா, மனசுக்குக் கஷ்டமா என்றெல்லாம் கேட்டாள். நான் தோணியைப் பற்றிச் சொல்லவில்லை, மாடியில் ஓரத்தில் நிற்கப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கூட யாரும்மா வந்திருக்கா?"

"யாரும் வரல."

"பரவால்லம்மா. வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க, என்ன? நாம அட்மிஷன் போட்டுருவோம். தனியா அலையக் கூடாதுல்லா?"

என்னைவிட நூறு மடங்கு அன்பாகச் சொன்னாள். நான் சொன்னபோது அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பதினோரு மாதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். கோபம் வந்திருக்கும், அவமானமாக இருந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை. சரி, இது எனக்கான இடம் இல்லை, தெரியாமல் வந்துவிட்டோம் என்றுதான் இருந்தது.

"சரி சிஸ்டர்," என்று எழுந்தேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி கதவைத் திறந்து விலகி வழி விட்டார். மூன்று மாடி இறங்கி, பைக் நிறுத்துகிற இடத்தில் வாதாமரத்தடியில் போய் நின்றேன்.

யாராவது பின்னால் வருவார்கள் என்று நின்றேன். அது பயிற்சிதானே, போன பேஷண்டைத் தேடவேண்டும் என்று யாருக்காவது தோன்றும். ஐந்து நிமிடம் ஆயிற்று. வெயில் சுட்டது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது, ஒரு பாட்டையாவை இறக்க ஏழு பேர் இறங்கினார்கள், அதில் இரண்டு பேர் யார் பிடிப்பது என்று சண்டை. பத்து நிமிடம். மேலே டீ டம்ளர்கள் மோதுகிற சத்தம் கேட்டது. என்னைத் தாண்டிப் போனவர்கள் யாருக்கும் என்னைப் பார்த்து நிற்கத் தோன்றவில்லை, வெள்ளைச் சீருடையில் ஒரு சிஸ்டர் மரத்தடியில் நின்றால் யார் கேட்பார்கள். எனக்கு அழுகை வந்தது. நடிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயதில், முப்பது வருடம் வேலை பார்த்த இடத்தின் வாசலில், என்னைத் தேடி ஒரு ஆள் படியிறங்கி வரமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டு நின்றேன்.

கால்மணி நேரம் கழித்து நானே ஏறிப் போனேன். ஆளுக்கொரு வடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ஜன்னலோரம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டிய சிஸ்டர்? வடை ஆறிப்போச்சே," என்றாள் சாத்தான்குளத்துப் பிள்ளை.

எனக்கு வந்ததே கோபம். "பேஷண்ட் எங்கன?" என்று கத்தினேன். "கேக்கேன்லா, உங்க பேஷண்ட் எங்கன போனா? வடை திங்கியளா, வடை!"

எல்லாரும் திகைத்துவிட்டார்கள். ஒத்திகை முடிந்துவிட்டது என்று நினைத்தோம், நான் பாத்ரூம் போயிருப்பேன் என்று நினைத்தோம் என்றார்கள். டாக்டரம்மா போனை வைத்துவிட்டு வந்தார், அவர் முகமும் மாறிவிட்டது, "நானும் கவனிக்கல சிஸ்டர், என் தப்பு" என்றார். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் தப்பா என்ன சிஸ்டர் சொன்னேன்?" என்றாள்.

அவளைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. "ஏளா, நீ ஒன்னும் தப்பாச் சொல்லல," என்றேன். "நான் சொன்னதத்தான் நீயும் சொன்ன."

பிறகு சொன்னேன். நின்றபடியே, எல்லாவற்றையும். வெள்ளை வேட்டி, நீலச் சட்டை, ஓரத்தில் நிற்கப் பயம் என்றது, நான் சிரித்தது, சாளைக் குழம்பு, பேப்பரில் சட்டை நிறம் பார்ப்பது, எல்லாம். யார் யார் கேட்கிறார்கள், யார் போய் மேலே சொல்வார்கள் என்று பார்க்கவில்லை.

செக்யூரிட்டி இடது காதை என் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "மஞ்சப்பை வச்சிருந்த ஆளாக்கா?" என்றார்.

"ஆமா."

"அவரு உடனே போகல. கேட்டுக்கு வெளிய ஒரு மணி நேரம் நின்னாரு. போறவாற ஆளுகளப் பாத்துக்கிட்டே நின்னாரு. பொறவு என்கிட்ட வந்து, அண்ணாச்சி, ஒரு கையெழுத்துதான், கொஞ்சம் உள்ள வாரியளான்னு கேட்டாரு. டூட்டியில இருக்கேன்யான்னு சொல்லிட்டேன்."

அவரே மறுபடியும், "நம்பர் இருக்குன்னியளே. போடுங்கக்கா," என்றார்.

செக்யூரிட்டியையும் சாத்தான்குளத்துப் பிள்ளையையும் தவிர மற்றவர்களை டாக்டரம்மா கீழே போகச் சொல்லிவிட்டார். வேண்டுமானால் தனி அறையில் போய்ப் பேசுங்கள், நான் கூட இருக்கிறேன் என்றார். தனி அறைக்குள் போனால் நான் போடமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அங்கேயே, ஆறிய வடைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, 'தோணி'யை அமுக்கினேன். அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

முழுவதும் மணி அடித்து நின்றுவிட்டது. இன்னொரு தடவை போட்டேன். ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

ஆண் குரல். பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் குரல் ஞாபகமில்லை, ஊரும் பேரும் சொல்லி, அவர்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசுதேன். போன வருசம் ஒறக்கம் வரலன்னு வந்தியள்லா? அப்ப இருந்த சிஸ்டர்தான்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"ஆமா சிஸ்டர்," என்றார். வேலையை முடிக்காத ஆள் மேஸ்திரியிடம் பேசுகிறமாதிரி, பணிவாகப் பேசினார். "ஆள் கூட்டிட்டு வரச் சொன்னிய. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இன்னும் தோதா யாரும் கெடைக்கல."

போனைக் கீழே இறக்கிவிட்டேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து மறுபடியும் காதில் வைத்தார். கேளுங்கள் என்று வாயை அசைத்தார்.

"இப்பவும் ஒறக்கம் வரலயாய்யா?"

"வரல."

"ஓரத்துல நிக்கப் பயம்னு சொன்னிய. குதிச்சிரணும், செத்துப்போயிரணும்னு எண்ணம் வருதா?"

முப்பது வருடத்தில் அந்தக் கேள்வியை நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"வரும் சிஸ்டர்," என்றார், சாதாரணமாக. "அதனாலதான் தோணிய விட்டுட்டேன். இப்ப உப்பளத்துல லோடு ஏத்துதேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இதுவரைக்கும் இல்ல. நேத்து இருந்துச்சு."

"ஐயா, இன்னைக்கே வாங்க. நீங்க மட்டும் வந்தாப் போதும், கூட ஆள் வேண்டாம். டாக்டரம்மா இங்கனதான் இருக்காங்க."

"ஆள் வேண்டாமா?"

செக்யூரிட்டி பைக் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எந்த உப்பளம் என்று கேட்கச் சொல்லி என்னிடம் சைகை காட்டினார்.

"வேண்டாம். எங்கன நிக்கியன்னு சொல்லுங்க. இங்க இருந்து ஒருத்தர் வந்து உங்களக் கூட்டிட்டு வருவாரு. அவரே கூட இருப்பாரு."

"ஆஸ்பத்திரியில இருந்தே ஆள் வருமா சிஸ்டர்?"

"வரும்."

அவர் இடத்தைச் சொன்னார். வைப்பார் என்று பார்த்தேன், வைக்கவில்லை.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா சிஸ்டர்," என்றார்.

குரலில் துளி கோபம் இல்லை. கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், கத்துகிறவர்களிடம் பேச எனக்குத் தெரியும்.

"ஆமாய்யா," என்றேன். "சொல்லிருக்கணும்."